பேரிடர் மீட்பு அமைப்புக்கு அனுபவமில்லாத அரசியல் ஆளைத் தலைவராகப் போட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் நடந்தே இருக்கிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, ஃபீமா என்ற பேரிடர் முகமையின் தலைவர் மைக்கேல் பிரவுன். முன்பு அரேபியக் குதிரைச் சங்கத்தில் வேலை பார்த்தவர், கட்சி நண்பர் வழியாக உள்ளே வந்தவர். செப்டம்பரிலேயே விலகினார். அப்புறம் 2006-ல், பேரிடர் மேலாண்மையில் தேர்ச்சியும் குறைந்தது 5 ஆண்டு தலைமைப் பொறுப்பு அனுபவமும் வேண்டும் என்று சட்டமே போட்டார்கள்.

நம் நாட்டில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு முதல்வர் தலைவர், மாவட்டத்துக்குக் கலெக்டர். சரி, அனுபவம் அப்படி எதற்கு? 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணியில் குறுக்குத்துறை முருகன் கோயிலே வெள்ளத்துக்குள் போனது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எவ்வளவு திறப்பது, அந்தத் தண்ணீர் நெல்லை வண்ணார்பேட்டைக்கு வர எத்தனை மணி நேரம், எந்தத் தெருவை முதலில் காலி செய்வது? இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபைலைப் புரட்டிக் கற்றுக்கொள்ள முடியாது. நிவாரணப் பணம் வாங்கித்தர அரசியல்வாதி வேண்டும், மறுக்கவில்லை. ஷட்டரைத் திறக்கச் சொல்கிறவருக்கு ஆறு தெரிந்திருக்க வேண்டும்.