கலப்பினம் மலடு என்றால் புதிய இனம் எப்படித் தோன்றும்?

தம்பி, "கோவேறு கழுதை மலடு; பிறகு ஊசியிலை மரங்களில் கலப்பினம் எப்படிப் புதிய இனமாகும்? கல்லடிக் கடற்கரைச் சவுக்கை உதாரணமாக எழுதலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

சவுக்கை எழுதிவிடாதீர்கள். அது ஊசியிலை மரமல்ல, பூக்கும் தாவரம். ஊசி போலத் தெரிவது இலையல்ல, மெல்லிய கிளை. நாளைக்கே கடற்கரையில் ஒன்றை எடுத்துக் கணுவில் இழுத்துக் கழற்றிப் பாருங்கள். வட்டமாகப் பல் பல்லாக நிற்கும் சிறு செதில்கள்தான் இலைகள்.

இனி உங்கள் கேள்வி. குதிரைக்கு 64 நிறமூர்த்தங்கள் (மரபுப்பொருளைத் தாங்கும் குரோமோசோம்கள்), கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 63 கிடைப்பதால் அவை ஒழுங்காகச் சோடி சேர்வதில்லை. ஊசியிலை மரமான பைனில் இந்தச் சிக்கல் இல்லை. இனம் வேறானாலும் எண்ணிக்கை 24தான். அதனால் நெருங்கிய இரண்டு இனங்கள் கலந்தால் வளமான விதை கிடைக்க வாய்ப்புண்டு.

ஆனால் அந்தக் கலப்பினம் மீண்டும் பெற்றோருடன் கலந்து கரைந்துபோகாமல் தனித்து நிற்க வேண்டும். இதற்கு பைனஸ் டென்சாட்டா அருமையான சான்று. பைனஸ் டபுலிஃபோர்மிஸ், பைனஸ் யுனானென்சிஸ் இரண்டும் கலந்து பிறந்த இனம் இது. பெற்றோர் வளராத திபெத்தியப் பீடபூமியின் தென்கிழக்குச் சரிவுகளில், 3000 மீற்றரையும் தாண்டிக் காடாக நிற்கிறது. உயரமே அதற்கு வேலி.

எனக்கு மிகவும் பிடித்தது இதைக் கண்டறியும் வழிதான்: பைனில், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் மரபுப்பொருள் தாய் மரத்திலிருந்தும், ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணியினுடையது மகரந்தம் வழியே தந்தை மரத்திலிருந்தும் வருகிறது. ஒரே மரத்தில் இரண்டு வம்சங்களையும் தனித்தனியாக வாசிக்கலாம். விடையில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.