சுருக்கம் எழுதுவதும் பகுப்பாய்வும் ஒன்றல்ல

வணக்கம். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘தி ரோடு நாட் டேக்கன்’ (‘செல்லாத பாதை’, 1915) கவிதையைப் பற்றி உங்கள் மகள் எழுதிய கட்டுரையை, ‘இது சுருக்கம்தான், பகுப்பாய்வு இல்லை’ என்று ஆசிரியர் திருப்பித் தந்ததாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நீங்களே திருத்தி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்; கவிதையிலுள்ள வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இறந்தகாலத்தில் நடந்துவரும் கவிதை, கடைசிப் பகுதியில் ‘ஐ ஷால் பி டெல்லிங்’ (‘சொல்லிக்கொண்டிருப்பேன்’) என்று எதிர்காலத்துக்குத் தாவுவது அப்போது தெரியும். காட்டில் பிரிந்த இரு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேய்ந்திருந்தன என்று முன்பே ஒப்புக்கொண்ட கவிதைசொல்லி, பிற்காலத்தில் மட்டும் ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில் சென்றதாக ஏன் சொல்லப்போகிறார் என்று அவளிடம் கேளுங்கள்; அவள் தேடிச் சொல்லும் விடையிலிருந்துதான் பகுப்பாய்வு தொடங்குகிறது. கவிதை எந்தக் காலத்தில் இருந்தாலும், அதைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை நிகழ்காலத்தில் எழுதுவதே வழக்கம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.