1980 அமெரிக்க அதிபர் தேர்தலில், தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியராகவும் இருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டரை விட்டுவிட்டு, பழமைவாதக் கிறிஸ்தவர்கள் அவரை எதிர்த்த ரொனால்ட் ரீகன் பக்கம் போனது ஏன்?

வேட்பாளரின் சொந்த பக்தியைவிட, அவர் நாட்டின் சட்டத்தை எந்தப் பக்கம் திருப்புவார் என்பதைத்தான் பெரும்பாலோர் பார்த்தார்கள்.

கார்ட்டர் பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்தவர்; விசுவாசத்தால் ‘மறுபடியும் பிறந்த’ கிறிஸ்தவன் என்று தன்னை வெளிப்படையாகச் சொன்னவர். ரீகனோ விவாகரத்தாகி மறுமணம் செய்த நடிகர்; கலிபோர்னியா ஆளுநராக 1967இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். ஆனால் பழமைவாதக் கிறிஸ்தவர்களின் மனக்குறை வேறு. 1962இல் அரசுப் பள்ளிகளில் அதிகாரபூர்வ ஜெபம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1973இல் அதே நீதிமன்றத்தின் தீர்ப்பால் கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமையானது. தனிப்பட்ட முறையில் கருக்கலைப்பை விரும்பாத கார்ட்டர், அந்தத் தீர்ப்பை மாற்ற முன்வரவில்லை. அப்புறம் 1978இல், இனப் பாகுபாடு காட்டும் தனியார் பள்ளிகளின் வரிவிலக்கைப் பறிக்க வருமானவரித் துறை முயன்றபோது, கிறிஸ்தவப் பள்ளிகள் கொதித்தன. இதில் வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிகளைக் காக்கும் எண்ணமும் கலந்திருந்தது. அதை மறைப்பது நேர்மையல்ல.

1979இல் ஜெரி ஃபால்வெல் என்ற போதகர், பழமைவாதக் கிறிஸ்தவர்களை அரசியலில் திரட்டும் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் ஆயிரக்கணக்கான போதகர்கள் முன் ரீகன் பேசினார்: இது கட்சி சாராத கூட்டம் என்பதால் நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது, ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். ஒதுக்கப்பட்டதாக நினைத்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. ரீகன் 44 மாநிலங்களை வென்றார்.

என் பார்வையில், கார்ட்டரின் விசுவாசத்துக்கு அவர்கள் உரிய மரியாதை கொடுக்கவில்லை. ஆனால் ஏமாந்துபோய் வாக்களித்தார்கள் என்பதும் சரியல்ல. தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.