எட்டாம் நாளும் குழாய்த் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் என்னோடு வேலை பார்க்கும் யூதத் தோழி தன் மகனின் விருத்தசேதனத்துக்கு, அதாவது பிறந்த எட்டாம் நாளில் ஆண் குழந்தையின் முன்தோலை நீக்கும் சடங்குக்கு, அழைத்திருந்தார். கூடத்தில் சடங்கு நடந்தபோது அவர் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றார், அழுகை காதில் விழாமலிருக்க. பிறகு வந்து எல்லோருக்கும் பரிமாறினார். 'இன்னொரு மகன் பிறந்தாலும் செய்வேன்' என்றார். தாயின் மனத்தை அந்த மரபு எங்காவது பொருட்படுத்தியிருக்கிறதா?

ர.

அன்புள்ள ர.,

சட்டப்படி அந்தச் சடங்குக்குத் தாய் தேவையே இல்லை. அது தகப்பனின் கடமை, தாய்க்கு இல்லை என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத். செய்பவர் மோஹெல், குழந்தையை மடியில் ஏந்துபவர் சந்தேக். (நம் சந்தேகத்துக்கும் இதற்கும் உறவில்லை.) இடைக்கால ஜெர்மனியில் பெண்களும் ஜெப ஆலயத்துக்குள் வந்து குழந்தையை மடியில் ஏந்தியதுண்டு. அலங்கரித்த பெண்கள் ஆண்களுக்கு நடுவே உட்காருவதா என்று 13ஆம் நூற்றாண்டில் ரோதன்பர்க் ஊரின் ரபி (யூத மத குரு) மெயிர் கண்டித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

ஏன் எட்டாம் நாள்? ஊரே மகிழும்போது பெற்றவர்கள் மட்டும் வருந்தக் கூடாது என்பதற்காக என்று தல்மூதில் ஒரு பதில் உண்டு. முதலில் படித்தபோது நெகிழ்ந்துபோனேன். உரைகளைப் பார்த்தால், அங்கே வருத்தம் என்பது பிரசவத் தீட்டால் தம்பதியர் விலகியிருக்கும் ஏழு நாட்கள்தான். கத்தியைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதே தல்மூதில் வேறோர் இடம் இருக்கிறது. செப்போரி ஊரில் நான்கு சகோதரிகள். மூத்தவள் மகனுக்குச் செய்தாள், இறந்துவிட்டான். இரண்டாமவள் மகனும் இறந்தான், மூன்றாமவள் மகனும் இறந்தான். நான்காமவள் ரபன் ஷிமோன் பென் கம்லியேல் என்ற சட்ட அறிஞரிடம் வந்து நின்றாள். செய்யாதே என்றார் அவர். இரத்தம் உறையாத நோய் தாய்வழி வருவதை மருத்துவம் கண்டறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய தீர்ப்பு இது. இச்சடங்கு ஆபிரகாம் கடவுளோடு செய்த உடன்படிக்கையின் அடையாளம். அந்த உடன்படிக்கையே அக்காக்களின் இழவுக்காக ஒதுங்கி நின்றிருக்கிறது. அதற்கு மூன்று பிள்ளைகள் போக வேண்டியிருந்தது என்பதையும் நான் மறக்கவில்லை.

'இன்னொரு மகனுக்கும்' என்ற சொல்லைக் கணவர் வீட்டாரின் நெருக்கடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதர்களை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோக்கஸ் இச்சடங்கைத் தடைசெய்தபோது, பிள்ளைக்கு அதைச் செய்வித்த தாய்மார் கொல்லப்பட்டார்கள். சிசுக்களை அவர்களுடைய கழுத்திலேயே தொங்கவிட்டார்கள் என்கிறது அக்காலத்தைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூல். அந்த நினைவும் குழாயடியில்தான் நிற்கிறது. இன்று கத்தியில்லாமல் பெயர்சூட்டு மட்டும் நடத்தும் யூதத் தாய்மாரும் இருக்கிறார்கள்; உங்கள் தோழிக்கும் அது தெரிந்திருக்கும்.

ஜெர்மானிய யூத வீடுகளில் இன்னொரு வழக்கம் இருந்தது. அன்று குழந்தையைச் சுற்றிய துணியைத் துவைத்து, கீற்றுகளாகக் கிழித்து, ஒரே நீளமாகத் தைத்து, அதில் அவன் பெயரையும் 'தோரா (யூத வேதம்), மணப்பந்தல், நற்செயல்' என்ற வாழ்த்தையும் பெண்கள் பூவேலையில் எழுதினார்கள். குழந்தை சற்று வளர்ந்ததும் அந்தத் துணி ஜெப ஆலயத்துக்குப் போகும், தோராச் சுருளைச் சுற்றிக் கட்ட. தாயை வெளியே நிறுத்திய அதே கூடத்துக்குள் அவள் தைத்த நூல் போயிருக்கிறது. உங்கள் தோழி அந்தத் துணியை என்ன செய்தார் என்று கேட்டு எழுதுங்கள்.