டிவி ஒயர்களைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடலாமா?

மதுரை வாசகர் ஒருவரின் கேள்வி: கட்டி ஆறு வருடமான சொந்த வீடு. ஹாலில் 55 அங்குல டிவியைச் சுவரில் மாட்டப் போகிறோம். அது நாலரை அங்குலச் சுவர். ஒயர்கள் தொங்காமல் இருக்கச் சுவரை வெட்டி, டிவியின் மின் ஒயர், எச்.டி.எம்.ஐ. கேபிள், டிஷ் கேபிள், இன்டர்நெட் கேபிள் எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளே வைத்துப் பூசிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீசியன். மாடி அறைக்கும் இன்டர்நெட் கேபிள் கொண்டுபோக வேண்டும். அவர் சொல்வதுபோலச் செய்யலாமா?

பதில்: ஒயர்களை மறைக்கலாம். ஆனால் அவர் சொல்லும் முறையில் வேண்டவே வேண்டாம். எந்தக் கேபிளையும் நேரடியாகச் சிமென்டில் புதைக்கக் கூடாது. சுவருக்குள் பி.வி.சி. பைப் போக வேண்டும். கேபிள் அந்தப் பைப்புக்குள் போக வேண்டும். பத்து வருடத்துக்கு முன்பு வாங்கிய எச்.டி.எம்.ஐ. கேபிளில் இன்றைய 4கே படம் ஒழுங்காக வராமல் போகலாம். பைப் இருந்தால் பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துக்கொள்ளலாம். பூசிவிட்டால் மறுபடியும் சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது அதுதான். டிவியோடு வரும் மின் ஒயர் வெளியில் தொங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பைப்பில் விட்டுக்கூடச் சுவருக்குள் கொண்டுபோகக் கூடாது. உள்ளே அது நசுங்கினாலும் சூடானாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, இப்போது இருக்கும் சுவிட்ச் போர்டிலிருந்து 20 மில்லிமீட்டர் பைப் ஒன்றை மேலே ஏற்றி, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்று ஒயர்களையும் இழுத்து, டிவிக்குப் பின்னால் 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். சுவிட்ச் கீழே கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கட்டும். இடி மின்னல் நேரத்தில் டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவும் நிலை வரக் கூடாது.

அந்தச் சாக்கெட்டை எங்கே வைப்பது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். சுவரோடு ஒட்டி நிற்கும் மெல்லிய பிராக்கெட்டில் டிவிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளிதான் கிடைக்கும். சாக்கெட்டில் செருகிய பிளக் அதைவிட அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதன் பின்புறம் எங்கே குழிவாக இருக்கிறது, கேபிள் செருகும் துளைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன, பிராக்கெட் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அளந்து, சுவரில் பென்சிலால் வரைந்த பிறகே வெட்ட ஆரம்பிக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவரின் கண் மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடியில், டிவியின் நடுப்பகுதி வந்தால் கழுத்து வலிக்காது. அதை வைத்து மற்ற உயரங்களைக் கணக்கிடுங்கள்.

இனி உங்கள் நாலரை அங்குலச் சுவர். பைப் பதிக்கச் செங்குத்தாக வெட்டும் காடி, அதாவது பள்ளம், சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிடைமட்டமாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான். உங்கள் சுவரில் அது செங்குத்தாக ஒன்றரை அங்குலம், கிடைமட்டமாக முக்கால் அங்குலம். ஆகவே சுவரின் குறுக்கே நீளமாக வெட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். மேலிருந்து கீழே நேர்க்கோட்டில் மட்டும் வெட்டட்டும். தூண், பீம், லின்டல் ஆகியவற்றைத் தொடவே கூடாது. சுவரின் மறுபக்கத்தில் அதே இடத்தில் ஏற்கெனவே பைப் போகிறதா என்றும் பாருங்கள். சுத்தியலும் உளியும் கொண்டு அடித்தால் மெல்லிய சுவர் மறுபக்கம் வரை அதிரும். முதலில் மெஷினால் இரண்டு கோடுகள் போட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் உளியால் எடுக்க வேண்டும்.

எச்.டி.எம்.ஐ., டிஷ், இன்டர்நெட் கேபிள்களுக்குத் தனிப் பைப். மின்சாரப் பைப்பிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தே ஆக வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கலாம், ஒட்டிக்கொண்டு கூடவே ஓடக் கூடாது. படத்தில் இரைச்சல் வரும் என்பது சின்ன விஷயம். ஒரே பைப்பில் மின் ஒயரின் மேலுறை உரிந்தால் 230 வோல்ட் நேராக இன்டர்நெட் கேபிளில் ஏறி, ரவுட்டரைத் தொடுபவர் கைக்கு வந்துவிடும்.

ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் 50 மில்லிமீட்டர் பைப் போடச் சொல்லியிருப்பேன். உங்கள் சுவரில் 32 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். எச்.டி.எம்.ஐ. பிளக்கின் தலை ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அகலம் என்பதால், 32 மில்லிமீட்டர் பைப்பில் அது நுழைந்துவிடும். திரும்பும் இடங்களில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம். நீண்டு வளையும் பெண்டு போடுங்கள். கேபிள் இழுத்த பிறகும் உள்ளே ஒரு நைலான் கயிறு கிடக்கட்டும். அடுத்த கேபிளை இழுக்க அது உதவும்.

காடியைச் சிமென்ட் கலவையால் நிரப்பி, மேலே கோழி வலையை ஆணியடித்துப் பூச வேண்டும். வலை காடியின் இருபுறமும் சில அங்குலம் நீண்டிருந்தால்தான் பிறகு விரிசல் கோடு விழாது. சில நாள் தண்ணீர் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி பார்க்கலாம். பூசுவதற்கு முன் பைப் போகும் பாதையின் பக்கத்தில் டேப்பைப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளை பிராக்கெட்டுக்கோ சாமி படத்துக்கோ துளை போடும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும்.

மாடிக்குப் போகும் இன்டர்நெட் கேபிளை, பழைய லைட் பைப்பில் இடம் இருக்கிறது என்று அதற்குள் திணிக்க விடாதீர்கள். மாடிப்படிச் சுவரை ஒட்டி 25 மில்லிமீட்டர் பைப் தனியாகப் போகட்டும். கேட் 6 கேபிள் போதும். 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும், வீட்டுக்குள் அவ்வளவு தூரம் வராது. ஆனால் சுத்தச் செம்புக் கம்பியா என்று பார்த்து வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளும் கடைகளில் கிடைக்கிறது. கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மொட்டை மாடியிலிருந்து வரும் டிஷ் கேபிளையும் கவனியுங்கள். பைப்பின் வாய் வானத்தைப் பார்த்திருந்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு இறங்கி டிவியின் முதுகுக்கே வந்து சேரும். பைப்பின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கேபிள் நுழைவதற்கு முன் சற்றுத் தொங்கலாக ஒரு வளைவு விட்டால், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இதைப் படிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகளுக்கு ஒரு வார்த்தை: செங்கல் இல்லாமல் சுவர் முழுவதையும் கான்கிரீட்டில் வார்த்த வீடு என்றால் வெட்டுவதை மறந்துவிடுங்கள். அந்தச் சுவர்தான் கட்டடத்தைத் தாங்குகிறது. டிவிக்குப் பின்னால், சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி பிளைவுட் பலகை அடித்து, அந்த இடைவெளியில் கேபிள்களை இறக்கினாலே பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். வாடகை வீட்டில் பெயிண்ட் நிறத்திலேயே பிளாஸ்டிக் கேசிங் ஒட்டலாம்.

எலக்ட்ரீசியனுக்குக் கூலியைக் கொடுத்து முடிப்பதற்கு முன், மாடியில் லேப்டாப்பைக் கேபிளில் செருகி, இணைப்பின் வேகம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். எட்டுக் கம்பிகளும் சரியாகச் சேர்ந்திருந்தால், ரவுட்டரும் லேப்டாப்பும் கிகாபிட் வகையாக இருக்கும்பட்சத்தில், 1,000 எம்.பி.பி.எஸ்., அதாவது ஒரு கிகாபிட், காட்டும். ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலும் இன்டர்நெட் வழக்கம்போல ஓடலாம், ஆனால் வேகம் 100 எம்.பி.பி.எஸ்.ஸில் நின்றுவிடும். அப்படி நின்றால் இரு முனைகளிலும் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.