ஹட்டனில் இருந்துகொண்டே 202 விசாவா?

இலங்கையின் ஹட்டனில் இருக்கும் உங்கள் தம்பிக்கு 202 விசா எடுத்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார், அது முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. தம்பி ஹட்டனில் இருக்கும்வரை ஆஸ்திரேலியாவின் 202 விசாவுக்குத் தகுதி இல்லை. அந்த மனிதாபிமான விசா சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான். ஏஜென்ட் கேட்கும் மூன்று லட்சத்தைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

"மலையகத்தார் நாடற்றவர்கள், அதனால் அகதிகள்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குழப்பம் அங்கேதான். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களின், அதாவது இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களின், குடியுரிமையைப் பறித்தது உண்மை, அந்த வலி இன்னும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இருக்கிறது. ஆனால் 2003 சட்டம் அதைத் திருப்பிக் கொடுத்தது. தம்பியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் இருக்கிறதே. நாடற்றவராகவே இருந்தாலும், 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி, துன்புறுத்தலுக்கு அஞ்சி, வாழ்ந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி.

ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆஸ்திரேலியாவில் தம்பியை முன்மொழிபவர் யார்? 202க்கு அங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஒருவர், அல்லது ஓர் அமைப்பு, முன்மொழிய வேண்டும். பெயர் சொல்லத் தடுமாறினால் விலகிவிடுங்கள்.

உள்நாட்டில் இருந்தே கேட்கக்கூடிய 201 என்ற விசாவும் உண்டு. துன்புறுத்தலுக்கு உள்ளானவர்களுக்கானது, அரிதாகத்தான் கிடைக்கும், விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. தம்பிக்கு நிஜமாகவே உயிராபத்து என்றால் அதை இங்கே எழுதாமல் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் சொல்லுங்கள். வேலைக்காகப் போக நினைத்தால், அது வேறு வழி.