கலந்து பேசுகிறவர்களுக்கு மொழிப் படிப்பு எதற்கு?

கேள்வி: என் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் மொழித் துறையில் சேர விரும்புகிறாள். "வீட்டில் தமிழ், கடையில் மலாய், பள்ளியில் ஆங்கிலம் என்று எல்லாமே அரைகுறை, இதில் மொழிப் படிப்பு எதற்கு? தமிழை விட்டுவிட்டு ஜப்பானிய மொழி படிக்கட்டும்" என்கிறார்கள் உறவினர்கள். தங்கள் கருத்து என்ன?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஜப்பானிய மொழி தாராளமாகப் படிக்கட்டும். எல்லாமே அரைகுறை என்ற தீர்ப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு நாட்டுக்கு ஒரு மொழி, அதற்கு ஓர் இலக்கியம் என்று வகுத்துக்கொண்டே பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் நவீன மொழிகளைக் கற்பித்து வந்தன. பிழைப்புக்காகக் கடல் கடந்து, வந்த இடத்து மொழியைக் கற்றுக்கொண்டு, கொண்டுவந்த மொழியையும் விடாமல் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பகுப்பில் இடம் இல்லாமல் போயிற்று. இன்று மேலை நாடுகளிலேயே அந்த எல்லைக்கோட்டை மாற்றிப் போடுகிறார்கள். 1961 ஒப்பந்தத்துக்குப் பின் துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போன தொழிலாளர்களின் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் எழுதியவை, இப்போது ஜெர்மன் துறைகளில் பாடமாக இருக்கின்றன.

நம் கதையும் அதற்குச் சளைத்ததல்ல. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் (ஆள்சேர்த்து வந்த மேற்பார்வையாளர்கள்) அழைத்துவந்தவர்கள் எல்லாரும் தமிழர்கள் அல்லர்; பகான் டத்தோ வட்டாரத் தென்னந்தோட்டங்களுக்கு வந்த தெலுங்கர்கள் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் மலாயும் பேசிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். தமிழ் உலகின் முதல் அனைத்துலக ஆராய்ச்சி மாநாடு 1966இல் கூடியதும், புலம்பெயர்ந்தோர் வாழும் நம் கோலாலம்பூரில்தான்.

உங்கள் ஊர்க் கடைத்தெருவையே பாருங்கள். உள்காட்டுக் கிராமத்திலிருந்து வரும் தெமியார் பூர்வகுடிக் குடும்பத்துக்கு மலாயில் விலை சொல்லி, சீன மொத்த வியாபாரியிடம் கான்டனீசில் பேரம் பேசி, தோட்டத்து அம்மாவின் கடன் கணக்கைத் தமிழில் எழுதிவைக்கும் மளிகைக்கடைக்காரர், யாரிடம் எந்த மொழி, எந்த இடத்தில் மாற்றுவது என்பதில் தடுமாறுவதில்லை. செம்பனைத் தோட்டத்தில் வங்காளதேசத் தொழிலாளிக்குத் தமிழ் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) வேலை சொல்லும் மலாய் எப்படிப்பட்டது, அதில் இருவரும் எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பதை ஆராய, இந்தச் சூழலில் வளர்ந்த பெண்ணைவிடத் தகுதியானவர் யார்?

ஆனால் பேசத் தெரிவது மட்டும் படிப்பாகிவிடாது. ஒவ்வொரு மொழியிலும் பிழையின்றி எழுதவும் கடினமான நூலைப் படிக்கவும் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். கேட்கத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே இருப்பதுதான் எனக்கு வருத்தம். உங்கள் மகள் ஐந்தாம் படிவ இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் கட்டாயம் எழுதட்டும். ஜப்பானிய மொழியைப் பல்கலைக்கழகத்தில் முதல் எழுத்திலிருந்தே தொடங்கலாம். பத்தாண்டு படித்த தமிழை இப்போது கைவிட்டால், ஆய்வு எழுதும் அளவுக்கு அதை மீட்டெடுப்பது மிகவும் கடினம்.